குழந்தை வண்டி வாங்குமுன்

குழந்தை பிறந்த வீட்டிலே முதன்முதல் கட்டப்படுவது ஏணை. வளையிலே கயிறு போட்டு, பாட்டியின் பழைய நூற்சேலை ஒன்றை அதிலே மடித்துக் கட்டிவிட்டால், குழந்தைக்கு உறங்க இடமும் தாய்க்குக் கைஓய்வும் ஒருங்கே கிடைத்துவிடும். வெளியே செல்வதற்குத் தாயின் தோளும், சற்று வளர்ந்தபின் இடுப்பும், அதற்கும் பின் தந்தையின் சைக்கிள் தண்டிலே பூட்டிய சிறு இருக்கையும் போதுமாயிருந்தன. தள்ளுவண்டி என்பது வன்னிநாட்டுக் குடும்பங்களுக்கு அண்மைக் காலத்திலே வந்து சேர்ந்த விருந்தாளி. கடைகளில் இன்று அது விலைக்குக் கிடைக்கின்றது. கனடாவிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் உறவினர் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்து, திரும்பும்போது விட்டுச் செல்வதும் உண்டு. அவ்வாறு வந்த விருந்தாளி வீட்டுக்கு உதவுகின்றதா, அன்றி விறாந்தை மூலையிலே துணி காயப்போடும் கொடியாக நிற்கின்றதா என்பது, அதனைத் தேர்ந்தவர் எதனை மனத்திற்கொண்டு தேர்ந்தார் என்பதைப் பொறுத்தது.

கிளிநொச்சி நகருக்கு அண்மையிலுள்ள உருத்திரபுரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இரணைமடுக்குளத்து நீரை நம்பி, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மக்கள் குடியேற்றப்பட்ட வேளாண் ஊர்களுள் அது ஒன்று. குளத்திலிருந்து வரும் வாய்க்கால்களே ஊரின் முகவரி; எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்றே இடங்கள் பெயர் பெற்றிருக்கின்றன. தாரிட்ட தெரு ஒருபுறம். அதிலிருந்து கிளைத்துச் செல்லும் கிறவல் ஒழுங்கைகள் ஒருபுறம். ஒழுங்கை சென்று முடியும் இடத்திலே வாய்க்காற் கரை. கரைக்கு அப்பால் வயல். போரினால் ஊரே பெயர்ந்து, 2009ஆம் ஆண்டின் பின்னர் மீண்டும் வந்து வீடு கட்டியவர்கள் அங்கு வாழ்கின்றனர். இத்தகைய ஊரிலே வண்டி வாங்க எண்ணும் பெற்றோர், கடையிலே நின்று வண்டியின் நிறத்தையும் மெத்தையையும் பார்க்கும் முன்னர், தம் படலையிலே நின்று தெருவைப் பார்த்தல் வேண்டும். இன்ன வண்டி ஆகும், இன்னது ஆகாது என்று தீர்ப்பளிப்பது தெருவேயாகும்.

இதற்குக் காரணம் வண்டியின் வரலாற்றிலேயே இருக்கின்றது. 1733ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் டெவன்சயர்ப் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ற் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த வண்டியே இவ்வகையில் முன்னோடியாகச் சொல்லப்படுகின்றது. அதனைத் தள்ளுவாரில்லை; ஆட்டையோ மட்டக் குதிரையையோ பூட்டி இழுக்கச் செய்தனர். அரண்மனைப் பூந்தோட்டத்துப் பாதைக்காகப் பிறந்த பொருள் அது. 19ஆம் நூற்றாண்டிலே பின்புறம் கைபிடி வைத்துத் தள்ளும் வண்டி தோன்றியபோதும், கல் பாவிய நகரத் தெருவும் புல்வெளிப் பூங்காவுமே அதற்குக் களமாயின. பின்னர், ஓய்வுபெற்ற விமானப் பொறியியலாளரான ஓவன் மக்லாரன், தம் மகள் பாரமான வண்டியோடு பிரயாணத்திற் பட்ட துன்பத்தைக் கண்டு, அலுமினியக் குழாய்களாலே குடை போல மடியும் வண்டியை அமைத்து, 1965இல் அதற்குக் காப்புரிமை கேட்டார். போர் விமானத்தின் சில்லுகள் மடியும் முறையை அறிந்தவர் அவர். அவர் அமைத்த வண்டியின் நிறை 3 கிலோவுக்கும் குறைவு. இன்று உலகெங்கும் மலிவாக விற்கப்படும் சிறு வண்டிகள் அனைத்தும் அதன் வழித்தோன்றல்களே. பஸ்ஸிலும் நிலக்கீழ் இரயிலிலும் ஏறி இறங்கும் நகரத்துத் தாய்க்கு அது பெரும் வரப்பிரசாதம். ஆயினும், அதனைச் செய்தவர் கிறவல் ஒழுங்கையை மனத்திற்கொண்டு செய்யவில்லை.

சில்லின் அளவிலேதான் எல்லாம் தங்கியிருக்கின்றன. குடைபோல் மடியும் வண்டிகளின் சில்லுகள் பெரும்பாலும் 5 அல்லது 6 அங்குல விட்டமுள்ளவை. ஓர் அங்குல உயரமான கல்லொன்று எதிர்ப்பட்டால், 6 அங்குலச் சில்லு அதன்மீது ஏறுவதற்கு, அந்தச் சில்லின்மேல் அழுந்தும் பாரத்திலும் சற்று மிகுதியான விசையோடு தள்ளவேண்டும் என்று கணக்குக் கூறும். 12 அங்குலச் சில்லாயின் அந்தப் பாரத்தின் மூன்றில் இரண்டு பங்கு விசையே போதும். கல் ஒன்றரை அங்குலமாயின் வேறுபாடு இன்னும் பெருகும்; சிறிய சில்லு அங்கேயே நின்றுவிடும். தள்ளுபவரின் உடல் முன்னே சாய, வண்டி நிற்க, குழந்தையின் தலை முன்னே குலுங்கும். கிறவல் ஒழுங்கையிலே இது நூறு அடிக்குள் பலமுறை நிகழக்கூடியது. கைபிடியைக் கீழே அழுத்தி முன்சில்லுகளைத் தூக்கி ஏற்றும் உபாயத்தைப் பழகிக்கொள்ளலாம். ஆயினும் ஒரு மைல் தூரம் அவ்வாறு செல்வதிலும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பதே எளிது.

பெரிய சில்லுள்ள வண்டிகளிலே மூன்று சில்லு வகை கவனத்துக்குரியது. 1984இல் அமெரிக்காவில் பில் பெக்லர் என்பவர், தம் மகனையும் உடன்கொண்டு ஓடிப் பயிலவேண்டும் என்னும் ஆவலால், சாதாரண வண்டிக்குச் சைக்கிள் சில்லுகளைப் பூட்டினார். ஓட்டப் பயிற்சிக்காகப் பிறந்த அவ்வகை வண்டி வன்னியிலே வேறொரு காரணத்தாற் பயனுடையது. அதன் சில்லுகள் பெரும்பாலும் 12 அங்குலமும் 16 அங்குலமும் ஆகும். சிறுவர் சைக்கிளுக்குரிய அளவுகளும் அவையே. ஆகவே, முள் ஏறிக் காற்றுப் போனால் ஊரிலுள்ள சைக்கிள் திருத்தும் கடையிலேயே ஒட்டுப் போடலாம். ரியூப்பு முற்றாகப் பழுதானாலும் புதியதற்கு வெளிநாட்டுக்கு எழுதவேண்டியதில்லை. ரயரின் பக்கத்திலே அச்சிட்டிருக்கும் அளவை வாங்கும்போதே படித்துக் குறித்துக்கொள்ளுதல் நன்று. ஊர்க் கடையிலே கிடைக்காத அளவாயின் அந்த வண்டியின் ஆயுள் முதலாவது நெருஞ்சி முள்ளோடு முடிந்தது என்று கொள்ளலாம். காற்றடிக்க வேண்டாத நுரைரப்பர்ச் சில்லு முள்ளுக்கு அஞ்சாது. ஆனால் அதிர்வை அவ்வளவாக விழுங்காது. முன்சில்லு தானே சுழலும் வண்டியாயின், அதனை நேராகப் பூட்டிவைக்கும் தாழ் இருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். பூட்டாத சில்லு கிறவலிலே இருபுறமும் ஆடி வண்டியை வரம்பை நோக்கி இழுத்துச் செல்லும்.

மூன்று சில்லு வண்டிக்குக் குறைகளும் உண்டு. நிறை பெரும்பாலும் 10 கிலோவுக்கு மேல். மடித்தாலும் பருமன் குறைவதில்லை. கிளிநொச்சிக்குச் செல்லும் பஸ்ஸிலே, ஒரு கையிற் பிள்ளையும் மறு கையில் அவ்வண்டியுமாக ஏறுவது தனித்த தாயொருத்திக்கு இயலாத காரியம். முச்சக்கரவண்டியின் பின்புறத்திலும் அது எளிதில் அடங்காது. 2013 செப்டெம்பரிலே கிளிநொச்சி வரை மீண்டும் ஓடத் தொடங்கிய இரயிலிற் கொழும்புக்குச் செல்லும் குடும்பத்துக்கோ, மேடைக்கும் பெட்டிப் படிக்கும் இடையிலுள்ள உயரமே தொல்லை. ஆதலின், வீட்டிலிருந்து புறப்படும் பிரயாணங்களிலே நடையால் முடிபவை எத்தனை, வாகனம் ஏறுபவை எத்தனை என்று ஒரு மாதத்துக் கணக்கை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நடைப் பிரயாணம் மிகுதியாயின் பெரிய சில்லு. வாகனப் பிரயாணம் மிகுதியாயின் இலேசாக மடிவது. இரண்டுக்கும் ஒரே வண்டி உதவும் என்று கூறும் வியாபாரியின் சொல்லைச் சற்றே ஐயத்துடன் கேட்பதில் தவறில்லை.

இனி, குழந்தையின் வயது. நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணையின்படி 2, 4, 6ஆம் மாதங்களிலும், 9ஆம் மாதத்திலும், ஒரு வயது நிறைந்ததும், ஒன்றரை வயதிலும் பிள்ளையைத் தாய்சேய் நல நிலையத்துக்குக் கொண்டுசெல்லவேண்டும். நிறை பார்ப்பதற்காகச் செல்வது இதற்குப் புறம்பு. முதற் பயணங்கள் மூன்றும், பிள்ளை தன் கழுத்தையோ முதுகையோ உறுதியாக நிறுத்த இயலாத பருவத்திலே வருபவை. ஏறக்குறைய நான்கு மாதம் வரையிலே தலை நிலைகொள்வதில்லை. ஆறு மாதமளவிலேதான் பிள்ளை உட்காரப் பழகும். அதற்கு முன் சாய்ந்த இருக்கையிலே வைத்தால் தலை முன்னே கவிழ்ந்து, நாடி மார்பிற் படிந்து, மூச்சுக் குழாய் நெருக்குறும். அந்த நிலையிலே பிள்ளை அழவும் மாட்டாது. உறங்குகின்றது என்றே பார்ப்பவர் எண்ணுவர். குடைபோல் மடியும் மலிவான வண்டிகளிலே பல, முற்றாகப் படுக்கையாக விரிவதில்லை. அவற்றை ஆறு மாதத்துக்கு முன் பயன்படுத்தலாகாது. படுக்கையாக விரியும் வண்டியிலே பிள்ளையை மல்லாக்காகக் கிடத்தலாம். அதிலும் கிறவலிலே வேகமாகத் தள்ளுதல் ஆகாது.

உண்மையைச் சொல்லுமிடத்து, உருத்திரபுரம் போன்ற ஊரிலே முதல் ஆறு மாதத்துக்கு வண்டியே வேண்டியதில்லை. தாயின் மார்போடு அணைத்துக் கட்டும் துணி, விலையும் குறைவு, கிறவலுக்கும் அஞ்சாது. முகம் துணியால் மூடப்படாமலும், நாடி மார்பிற் படியாமலும், குனிந்தால் உச்சியிலே முத்தமிடக்கூடிய உயரத்திலும் பிள்ளை இருத்தல் வேண்டும். பிறக்கும் முன்னரே விலையுயர்ந்த வண்டி வாங்கிவைப்பது வெளிநாட்டு வழக்கம். குளிரும் பனியும் நீண்ட நடைபாதையும் உள்ள நாடுகளுக்கு அது பொருந்தும். இங்கே அந்தப் பணத்தை ஆறு மாதம் கையிலே வைத்திருந்தால், பிள்ளையின் நிறையும் தேவையும் தெரிந்தபின் வாங்கலாம்.

தள்ளுபவர் யார் என்பது, தெருவுக்கு அடுத்தபடியாக எண்ணவேண்டியது. தாய் வேலைக்குச் செல்லும் வீடுகளிலே பகற்பொழுதிற் பிள்ளையைப் பார்ப்பவர் பெரும்பாலும் அம்மம்மாவோ அப்பம்மாவோ ஆவர். அறுபது வயதைத் தாண்டிய ஒருவரின் மணிக்கட்டுக்கும் முதுகுக்கும் ஏற்றவாறு கைபிடியின் உயரம் அமைதல் வேண்டும். முழங்கை சற்றே மடிந்து நிற்கும் உயரமே உகந்தது. ஏற்றி இறக்கக்கூடிய கைபிடியாயின் தாயும் பாட்டியும் ஒரே வண்டியைத் தள்ளலாம். பிறேக்கைக் காலால் மிதித்துப் பூட்டுவதே பெரும்பான்மை. செருப்பில்லாத காலாலும் அதனை மிதிக்கவும் தூக்கவும் இயலுமா என்பதைக் கடையிலேயே பாட்டியைக் கொண்டு சோதித்தல் நலம். மிதிக்க நோகும் பிறேக்கை எவரும் மிதிக்கமாட்டார்.

இந்த ஒன்று உயிரோடு தொடர்புடையது. 2009 ஒக்டோபரிலே அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரத்தில் ஆஷ்பேட்டன் இரயில் நிலைய மேடையிலே, தாய் ஒரு கணம் கையை எடுத்தபோது வண்டி தானே உருண்டு, வந்துகொண்டிருந்த இரயிலின் முன் தண்டவாளத்தில் விழுந்தது. ஆறு மாதப் பிள்ளை தலையிலே சிறு காயத்தோடு பிழைத்தது. கண்ணுக்குத் தென்படாத அளவு சரிவுதான் அந்த மேடையிலே இருந்தது. உருத்திரபுரத்திலே இரயில் மேடை இல்லை. ஆனால் வாய்க்காற் கரை இருக்கின்றது. கரை தெருவிலிருந்து நீரை நோக்கிச் சரிந்திருக்கும்; சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் நாட்களிலே வாய்க்கால் நிறைந்து ஓடும். பட்டியாற் பூட்டப்பட்ட பிள்ளையோடு வண்டி நீரில் விழுந்தால், பட்டியே பிள்ளையைக் கீழே பிடித்துவைத்திருக்கும். ஆகையால், மதகடியிலே நின்று அயலாரோடு உரையாடும்போது பிறேக்கைப் பூட்டுவதோடு அமையாது, வண்டியைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி நிறுத்துதல் வேண்டும். மூன்று சில்லு வண்டிகள் பலவற்றிலே கைபிடியோடு ஒரு நாடா தொங்கும். அது அழகுக்கன்று, மணிக்கட்டிலே மாட்டிக்கொள்வதற்கு. நாடா இல்லாத வண்டிக்கு உறுதியான துணிப்பட்டி ஒன்றை வீட்டிலேயே தைத்துக் கட்டலாம்.

கைபிடியிலே சந்தைப் பையைத் தொங்கவிடும் வழக்கமும் ஆபத்தானது. பிள்ளையைத் தூக்கியவுடன் வண்டி பின்னே கவிழும். பிள்ளை இருக்கும்போதே கவிழ்வதும் உண்டு. இருக்கையின் கீழுள்ள கூடையே பாரத்துக்கு உரிய இடம்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வைகாசி முதலாகச் சோளகம் வீசும் மாதங்களிலே வன்னி வெயிலின் கடுமையை அறியாதார் இல்லை. வெயில் படாதிருக்கட்டும் என்று தாய்மார் வண்டியின் வாயைச் சேலைத் துணியால் முழுவதும் மூடிவிடுவர். நோக்கம் நல்லது, விளைவு நேர்மாறானது. உள்ளே காற்றோட்டம் நின்று, வெப்பம் ஏறும். 2023இலே சிட்னிப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியில், உலர்ந்த துணியால் மூடிய வண்டியின் உட்புறம் வெளியிலும் 2.6 முதல் 3.7 பாகை செல்சியசு வரை மிகுதியாகச் சூடேறியது. மெல்லிய துணியை நீரில் நனைத்து மூடி, சிறு மின்விசிறி ஒன்றைப் பூட்டியபோது 4.7 பாகை வரை குறைந்தது. ஆனால் துணி உலருந்தோறும் மீண்டும் நனைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். இதிலும் எளிய வழி, முன்னே நன்றாக நீண்டு வரும் கூரையும், பின்புறம் வலைத்துணிச் சாளரமும் உள்ள வண்டியைத் தேர்வதாகும். கருநிறத் துணியைத் தவிர்த்தல் நன்று. நண்பகலிலே வெளிச்செல்லாதிருத்தல் எல்லாவற்றிலும் நன்று.

தாழ்ந்த இருக்கைக்கு இன்னொரு குறையும் உண்டு. வாகனப் புகை தரையை அண்டியே செறிந்திருத்தலின், வண்டியிலுள்ள பிள்ளை தாயைவிட 60 வீதம் வரை மிகுதியான மாசைச் சுவாசிக்கக்கூடும் என்று இங்கிலாந்தின் சறேப் பல்கலைக்கழகத்தார் 2018இற் கூறினர். உருத்திரபுரத்திலே புகையினும் புழுதி பெரிது. உழவு இயந்திரம் ஒன்று கடந்து சென்றால் எழும் செம்புழுதி அடங்கும் வரை, வண்டியை ஒழுங்கையின் மறுபக்கத்திலே, காற்று வரும் திசையிலே நிறுத்திக்கொள்ளலாம். இருக்கை உயர்ந்திருக்கும் வண்டி இவ்வகையிலே மேலானது.

பிள்ளை தாயைப் பார்த்திருக்கவேண்டுமா, தெருவைப் பார்த்திருக்கவேண்டுமா என்னும் வழக்கும் பழையது. இருபுறமும் திருப்பக்கூடிய வண்டிக்கு அமெரிக்காவின் வில்லியம் றிச்சாட்சன் 1889இலேயே காப்புரிமை பெற்றார். ஸ்கொத்லாந்தின் டண்டிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசான் சீடிக் 2008இல் வெளியிட்ட ஆய்வு, பிள்ளை தன்னை நோக்கியிருக்கும்போது தாய் அதனோடு மிகுதியாகப் பேசுகின்றாள் என்று காட்டியது. பேசுவாரைக் கேட்டே பேசப் பழகும் பருவத்தில் இது சிறிய நன்மையன்று. ஆயினும், திருப்பும் வசதிக்காக மாத்திரம் இருமடங்கு விலை கொடுக்கவேண்டியதில்லை. நின்று நின்று பேசிச் செல்லும் பாட்டி ஒருவர் இருந்தால் அக்குறை தீர்ந்துவிடும்.

வெளிநாட்டு உறவினர் விட்டுச்செல்லும் பழைய வண்டியைப் பெறும்போது சிலவற்றை ஆராயவேண்டும். மடிப்பு மூட்டுகளிலே விரல் நசுங்கும் இடைவெளி இருக்கின்றதா? 2009 நவம்பரிலே அமெரிக்காவில் குடைபோல் மடியும் வண்டிகள் ஏறக்குறைய பத்து இலட்சம் திருப்பி அழைக்கப்பட்டன. மடிப்பு மூட்டிலே அகப்பட்டுப் பிள்ளைகளின் விரல்நுனி துண்டான நிகழ்ச்சிகள் 12 அங்கே பதிவாகியிருந்தமையே காரணம். விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பிள்ளையை எட்ட நிறுத்துதலே இதற்குக் காப்பு. விரித்தபின் தாழ் இரண்டும் விழுந்தனவா என்று கையால் அசைத்துப் பார்க்கவேண்டும். பட்டி ஐந்து முனையுள்ளதா, அதாவது தோள் இரண்டையும் இடுப்பு இரண்டையும் தொடையிடையையும் பிணைப்பதா, அதன் பூட்டு இன்னும் இறுகப் பிடிக்கின்றதா என்பதும் முக்கியம். ஐரோப்பிய வண்டிகளிலே ஈ.என். 1888 என்ற நியமக் குறி இருக்கும். அது இருந்தால் ஓரளவு நம்பலாம். பிளாஸ்ரிக் பாகங்கள் வெயிலில் வெடித்திருந்தால், அன்பளிப்பேயாயினும் ஏற்காதிருத்தல் நன்று.

நான்கு மாதம் கடந்தும் தலை நிலைகொள்ளாத, அல்லது ஒன்பது மாதம் கடந்தும் உட்கார இயலாத பிள்ளையைத் தலையணை வைத்து வண்டியில் நிமிர்த்திவிடுவது மருந்தாகாது. குடும்பநல மருத்துவமாதுவிடம் கூறி மருத்துவரைக் காண்பதே அங்கு செய்யத்தக்கது. அத்தகைய பிள்ளைக்கு முதுகையும் கழுத்தையும் தாங்கும் தனி இருக்கை வேண்டும். கடையில் விற்கும் வண்டி அதற்கு ஈடாகாது.

மேற்கூறியவற்றை உருத்திரபுரத்துக் குடும்பங்களிலே பொருத்திப் பார்த்தால் முடிவு வெவ்வேறாகும். தாரிட்ட தெருவோரத்திலே குடியிருந்து, கிழமைதோறும் பஸ்ஸேறி நகருக்குச் செல்லும் ஆசிரியத் தம்பதிகளுக்கு இலேசாக மடியும் வண்டி போதும். வாய்க்காலோரக் கமக்காரன் வீட்டிலே, அம்மம்மா மாலைதோறும் பேரப்பிள்ளையைக் கோயிலடிக்குக் கொண்டுசெல்வாராயின், பெரிய சில்லுள்ள பழைய வண்டியே ஏற்றது. புதியது வாங்கவேண்டும் என்பதில்லை. இரட்டைப் பிள்ளைகள் உள்ள வீட்டார் அருகருகே இருத்தும் வண்டியை விரும்புவர்; அதன் அகலம் 75 சென்ரிமீற்றரையும் தாண்டும், ஆதலின் படலையையும் கதவையும் முதலில் அளக்கவேண்டும். முன்பின்னாக இருத்தும் வண்டி ஒடுங்கியது எனினும் கிறவலிலே திருப்புவது கடினம். கூலி வேலைக்குச் செல்லும் தனித்த தாயொருத்திக்கு வண்டியின் விலை பல நாட் கூலியாகும். உறவினர் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு வண்டியை வைத்துக்கொண்டு, பிள்ளை வளர வளர அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது அங்கே நடக்கக்கூடிய வழி.

எவ்வகை வண்டியாயினும், பணத்தைக் கொடுக்குமுன் ஒரு சோதனை செய்தல் வேண்டும். கடைக்குள்ளே வழுவழுப்பான தரையிலே எல்லா வண்டியும் நன்றாகவே உருளும். பத்துக் கிலோ அரிசிப்பை ஒன்றை இருக்கையில் வைத்துப் பட்டியாற் பிணைத்து, வண்டியைக் கடைக்கு வெளியே, தார் முடிந்து கிறவல் தொடங்கும் தெருவோரத்திலே இருபது அடி தூரம் ஒரு கையால் தள்ளிப் பார்க்கவேண்டும். வண்டி நேராகச் செல்கின்றதா, பக்கம் இழுக்கின்றதா, அரிசிப்பை முன்னே சரிகின்றதா என்பன அங்கேயே தெரிந்துவிடும். பின்னர் அதே இடத்திலே பிறேக்கைப் பூட்டி, முதுகை ஒரு விரலால் தள்ளிப் பார்க்கவும் வேண்டும்.